பழுதாகாத சீட்டு

விக்ரோரியா ஏணியின் நாலாவது படியில் நின்று தன்னுடைய முகத்தைத் தானே விளக்குக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஏணியை ஒரு கையால் பிடித்தபடி கணவன் ஸ்ரிபன் நின்றான். அவனுடைய இடது கை பாரம் தூக்கக் கூடாத கை. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அந்தக் கையில் நாடியையும் நாளத்தையும் ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்குக் கீழே தொலைபேசி அதிர்வதுபோல இரத்தம் ஓடுவது தெரியும்.

டென்மார்க்கில் தேர்தல் பதாகை கட்டுவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. தேர்தலுக்கு முந்திய நாலாவது சனிக்கிழமை நண்பகல். அதுவரைக்கும் எல்லாக் கட்சிக்காரரும் ஏணியும் பிளாஸ்டிக் பட்டிகளுமாகக் காருக்குள் காத்திருப்பார்கள். பன்னிரண்டு அடித்ததும் ஊரே இறங்கி ஓடும். அரை மணி நேரத்தில் நல்ல கம்பங்கள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்ரிபனுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் நாட்கள். ஆகையால் இவர்கள் ஞாயிறு பூசை முடிந்துதான் வந்தார்கள். குப்பை கொடுக்கும் இடத்துக்குப் போகிற பாதையில்தான் கம்பங்கள் மிச்சம் இருந்தன. இந்தக் கம்பத்திலும் மேல் இடத்தை அவளுடைய கட்சியைச் சேர்ந்த டெனிஷ்காரர் பிறீபன் முதல் நாளே பிடித்திருந்தார். படத்தில் அவருடைய தாடைக்குக் கீழே விக்ரோரியாவின் தலைமயிர் வந்தது.

"நேரா இருக்கே?" என்று கேட்டாள்.

"முகம் நேராத்தான் இருக்கு. கம்பம்தான் சரிவு."

"பகிடியை விடுங்கோ. இந்தப் பாதையால ஆர் வரப்போகினம்?"

"குப்பை கொண்டு வாற சனம். அவைக்கும் வோட்டு இருக்குத்தானே."

அவள் போட்டியிட்டது நகரசபைக்கு அல்ல, பிராந்திய சபைக்கு. இந்த நாட்டில் பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், குப்பை எல்லாம் கொம்யூன் என்கிற நகரசபையின் வேலை. வைத்தியசாலைகள் பிராந்தியத்தின் வேலை. எந்த ஊரில் எந்தப் பிரிவு இருக்கும், எது மூடப்படும் என்பதைப் பிராந்திய சபையில் இருப்பவர்கள் கையுயர்த்தித் தீர்மானிப்பார்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ஒரே நாளில் இரண்டு சபைகளுக்கும் தேர்தல். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். இதற்கு வேண்டாம், நிரந்தர வதிவிடத்தோடு சில வருடங்கள் இருந்தால் போதும். அதனால் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டை அலுமாரிக்குள் வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கும் இந்த ஒரு தேர்தலில் வாக்குச்சீட்டுக் கிடைக்கும்.

தமிழர்கள் எந்தக் கொம்யூனிலும் ஓர் ஆளைத் தெரிவுசெய்யும் அளவுக்கு இல்லை. விபோர்க்கில் கொஞ்சம், ஹேர்னிங்கில் கொஞ்சம், மற்றச் சிறு நகரங்களில் தூவிவிட்டதுபோல. ஆனால் பிராந்தியம் இந்த ஊர்களையெல்லாம் ஒரே சுற்றுக்குள் அடைக்கிறது. தனித்தனியே ஒன்றுக்கும் காணாத வாக்குகளை ஒரே ஆளுக்குச் சேர்த்தால் சபையில் ஒரு கதிரைக்குப் போதும். பிறீபன் இதை ஒரு கடதாசியில் எழுதிக் காட்டித்தான் விக்ரோரியாவைப் போட்டியிடக் கேட்டார்.

அவள் ஓம் என்றதற்குக் காரணம் வேறு. விபோர்க்கிலிருந்து அரை மணி தூரத்தில் அவர்கள் வாழ்ந்த சிறு நகரத்தில், பழைய வைத்தியசாலையின் கீழ்த்தளத்தில், ஆறு கதிரைகள் கொண்ட ஒரு டயாலிசிஸ் பிரிவு இருந்தது. ஸ்ரிபன் அங்கே நடந்து போவான். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு நடந்து வருவான். இந்தப் பிரிவை மூடிப் பெரிய வைத்தியசாலையோடு சேர்க்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்திருந்தது. பெரிய வைத்தியசாலை தூரம் என்பது மட்டுமல்ல. நோயாளிகளை ஏற்றுகிற வான் ஒரு ஆளுக்காக வராது. நாலு ஊர் சுற்றி நாலு பேரை ஏற்றும். முடிந்த பிறகும் நாலு பேரும் முடியும்வரை காத்திருக்கும். இயந்திரத்துக்குக் கொடுக்கிற நாலு மணி நேரம் ஒன்பதாகும். கிழமையில் மூன்று நாட்கள் அப்படிப் போனால் மிச்ச நாட்கள் அந்தக் களைப்பைத் தூங்கித் தீர்க்கத்தான் காணும். ஸ்ரிபன் பம்ப் தயாரிக்கிற தொழிற்சாலையில் இன்னும் கிழமைக்கு இரண்டு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த இரண்டு நாளில்தான் அவன் பழைய ஸ்ரிபனாக வீட்டுக்கு வருவான். விக்ரோரியா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். களைத்துப்போன உடம்புக்குள் ஓர் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு கட்சி தன் ஆட்களை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஒரு விதத்தில், யாருக்குத் தனிவாக்கு அதிகமோ அவர் உள்ளே போவார். மற்ற விதத்தில், வரிசையைக் கட்சி முன்கூட்டியே எழுதிவிடும். பெயருக்குப் போடாமல் கட்சிக்கு மட்டும் போடுகிற வாக்குகள் வரிசையில் முதலாவது ஆளிடம் போகும். அவருக்குப் போதுமென்றால் இரண்டாவது ஆளிடம், பிறகு மூன்றாவது ஆளிடம். பிறீபனின் கட்சி இந்த இரண்டாவது விதத்தை எடுத்திருந்தது. பிறீபன் நாலாவது. விக்ரோரியா பதினோராவது. அந்தக் கட்சிக்கு நாலு கதிரைக்குமேல் கிடைப்பதில்லை.

"பதினொண்டில இருந்து நாலைத் தாண்டோணும்," என்று ஸ்ரிபன் அன்றைக்கே சொன்னான். "உம்மட பேருக்குப் போடுற வோட்டுத்தான் உம்மட வோட்டு. கட்சிக்குப் போட்டா மேல இருக்கிற ஆளுக்கு. விளங்குதே?"

விளங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் அதைத்தான் சொன்னாள். சீட்டில் கட்சியைக் குறிக்கிற எழுத்துக்கு நேரே போடாதேங்கோ, பெயரைத் தேடிப் போடுங்கோ. எல்லாரும் தலையாட்டினார்கள்.

பட்டியல் கொடுக்கும் கடைசிக் கிழமையில் பிறீபன் ஹேர்னிங்குக்குப் போய் தேவராஜாவையும் கேட்டுவிட்டார் என்பது பட்டியல் வெளியான பிறகுதான் தெரிந்தது. தேவராஜா பெந்தெகொஸ்தே சபைக்காரர், கணக்காளர், நன்றாக டெனிஷ் பேசுவார். பன்னிரண்டாவது இடம். விக்ரோரியா பிறீபனிடம் கேட்டபோது அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார், ஒருவரை விட இருவர் நல்லதுதானே, உங்கள் மக்களுக்குத் தெரிவு இருக்கும் என்று. ஸ்ரிபன் பட்டியலைக் கசக்கி எறிந்தான். பிறகு, "தேவராஜாவுக்கு மூளை எங்க போனது? ரெண்டு தமிழர் எண்டா வோட்டுப் பிரிஞ்சு ரெண்டு பேரும் வெளியில," என்று கத்தினான். அதன்பிறகு அந்த வீட்டில் தேவராஜாவின் பெயரை எடுத்தால் அவனுடைய இரத்த அழுத்தம் ஏறியது. விக்ரோரியா எடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் தேவராஜாவின் மனைவி தேவமலரை அவளால் பகைக்க முடியாது. ஸ்ரிபனின் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் அவன் இரண்டு மாதம் வைத்தியசாலையில் கிடந்தபோது தேவமலர் ஹேர்னிங்கிலிருந்து புட்டும் குழம்பும் கொண்டு வந்து, சோபாவில் படுத்து, காலையில் வேலைக்குப் போனவள். கேட்காமல் வந்தவள்.

சிக்கலைத் தீர்க்க பஸ்தியாம்பிள்ளை அண்ணை முன்வந்தார். மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். தமிழ்ப் பூசை ஒழுங்குகளையும், யாருடைய கலியாணத்துக்கு யார் வராமல் விட்டார்கள் என்ற வழக்குகளையும் ஒரே கையால் நடத்துபவர். ஒரு சனிக்கிழமை விபோர்க்கில் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். அன்று ஸ்ரிபன் இயந்திரத்தில் இருந்தான். விக்ரோரியா ஒரு பக்கம், தேவராஜாவும் தேவமலரும் எதிர்ப்பக்கம், நடுவில் பொரித்த ரோல்ஸ் தட்டு.

"ஒரு வீட்டில ரெண்டு பொம்பிளப் பிள்ளையள் இருக்கு," என்று பஸ்தியாம்பிள்ளை தொடங்கினார். "நத்தார்ப் பெருநாளுக்கு ஒண்டுக்கு மட்டும் சட்டை எடுப்பமே? ரெண்டுக்கும் எடுப்பம். அதுமாதிரி ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு புள்ளடி. ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லை."

பின்வரிசையிலிருந்து சுஜாந்தினி என்ற பெண் கையை உயர்த்தினாள். "அண்ணை, சீட்டில ஒரு புள்ளடிதான் போடோணும் எண்டெல்லோ சொல்லுகினம்?"

"பிள்ளை, நான் கேக்காமல் கதைப்பனே? கொம்யூனுக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டனான். ஒரே கட்சியில ரெண்டு பேருக்குப் போட்டா சீட்டு பழுதாகுமோ எண்டு. பழுதாகாது, செல்லும் எண்டு சொன்னவை. பேரும் கேட்டு வைச்சிருக்கிறன். கீர்ஸ்டன்."

"கீர்ஸ்டன் வடிவான பிள்ளையோ அண்ணை?" என்று யாரோ கேட்க மண்டபம் சிரித்தது.

பஸ்தியாம்பிள்ளை கேட்டது எங்கள் நாட்டுக் கேள்வி. அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டுவிட்டு, அந்தக் கட்சிக்குள்ளேயே பிடித்த மூன்று பேர்வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். மூவருக்கும் தனித்தனியே எண்ணுவார்கள். பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான், சீட்டு பழுதாகக் கூடாது. பழுதாகாவிட்டால் போட்டது போய்ச் சேரும். கீர்ஸ்டன் சொன்னதும் முழு உண்மை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது இந்த நாட்டு அலுவலகங்களின் ஒழுக்கம். கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புவது எங்கள் பழக்கம்.

விக்ரோரியாவுக்கு உள்ளே ஏதோ இடறியது. ஸ்ரிபனிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். எதிரே தேவமலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், மன்னிப்புக் கேட்கிற பார்வை. தேவராஜா ரோல்ஸின் கருகிய நுனியைப் பிய்த்து ஓரமாக வைத்தார். "அண்ணை சொன்னா சரி," என்றாள் விக்ரோரியா. எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது ஸ்ரிபன் வெளிறிப்போய்ச் சுருண்டு படுத்திருந்தான். கூட்டம் எப்படி என்றான். நல்லாத்தான் போனது என்றாள்.

தேர்தல் செவ்வாய்க்கிழமை என்பதால் ஸ்ரிபன் முந்திய கிழமையே நூலகத்தில் வைத்திருந்த பெட்டியில் முன்கூட்டியே வாக்குப் போட்டுவிட்டான். விக்ரோரியா தனியாகப் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போனாள். தரையில் கூடைப்பந்துக் கோடுகள். வாக்காளர் அட்டையைக் கொடுத்தால் இரண்டு சீட்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், பிராந்தியத்தின் சீட்டு மேசையைத் தாண்டித் தொங்கும் நீளம். திரைக்குப் பின்னால் நூலில் கட்டிய பென்சில். தன்னுடைய பெயரை அச்சில் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெயருக்கு நேரே புள்ளடி போட்டாள். கீழேயே தேவராஜாவின் பெயர். அந்தக் காலைகளில் சோபாவில் மடித்து வைத்திருந்த போர்வை நினைவுக்கு வந்தது. நான் மட்டும் எனக்கே போட்டுக்கொண்டு வந்தால் அது என்ன மாதிரி என்று யோசித்தாள். இரண்டாவது புள்ளடியை முதலாவதைவிட அழுத்தமாகப் போட்டாள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பல நாட்களுக்குப் பிறகு, தான் ஒரு நல்ல மனுஷி என்று தோன்றியது.

தேர்தல் அன்று இரவில் கட்சிகளின் கணக்குத்தான் வரும். யாருக்கு எத்தனை தனிவாக்கு என்பதை அடுத்த நாள் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து மறுபடி எண்ணுவார்கள். மகள் ஸ்ரெபானி கொம்யூனில் வேலை செய்பவள். பிராந்தியச் சீட்டுகளை எண்ணும் வேலைக்குப் போயிருந்தாள். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஜாக்கெட்டைக் கழற்றாமலே குசினி மேசையில் வந்து இருந்தாள். முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது. கட்சிக்கு நாலு கதிரை. நாலாவது பிறீபனுக்கு. அவருக்கும் விக்ரோரியாவுக்கும் இடையில் நூற்றுச் சொச்சம் வாக்கு.

"மோர், டெ ஹார் ஸாத் தோ க்ருஸ்," என்றாள் ஸ்ரெபானி. அம்மா, அவர்கள் இரண்டு புள்ளடி போட்டிருக்கிறார்கள். பிறகு தமிழுக்கு மாறினாள். எப்போதும் கெட்ட செய்திக்குத்தான் அவள் தமிழுக்கு மாறுவாள். "உங்களுக்கும் போட்டு, தேவராஜா அங்கிளுக்கும் போட்டு. கட்டுக் கட்டா. எங்கட மண்டபத்தில மட்டும் அவ்வளவு."

"அப்ப செல்லாதே?" என்றான் ஸ்ரிபன்.

"செல்லும். ஆனா ஒரே கட்சியில ரெண்டு பேருக்குப் போட்டா, ஆரை விரும்பினது எண்டு தெரியாதுதானே. அதால ரெண்டு பேருக்கும் இல்லை. கட்சிக்குப் போட்டமாதிரி எண்ணுவினம். அதுக்குப் பேர் லிஸ்டெஸ்டெம்மெ."

ஸ்ரிபன் மேசை விளிம்பில் விரலால் ஒரு கோடு கீறினான். பம்ப் தொழிற்சாலையில் புது ஆட்களுக்குப் பழக்கியவன் அவன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் அவனுக்கு எந்த நிலையிலும் கண் பிரகாசிக்கும். இப்போதும் பிரகாசித்தது, அதைப் பார்க்க விக்ரோரியாவுக்குப் பயமாக இருந்தது. "மேல ஒரு தண்ணித் தாங்கி. அது நிறைஞ்சு வழிஞ்சா ரெண்டாவது தாங்கி. பிறகு மூண்டு. பிறகு பிறீபன். எங்கட சனம் வாளி வாளியா இறைச்சு நேர அவன்ர தாங்கிக்க ஊத்தி இருக்கு. எங்கட வோட்டில எங்களை வெண்டிருக்கிறான்." அவன் சிரித்தான். "எந்த மடையன் சொல்லிக் குடுத்தது இதை? எந்த மடையன் போட்டது?"

"தெரியேல்லை," என்றாள் விக்ரோரியா. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவின கோப்பையை மறுபடி கழுவினாள்.

வியாழக்கிழமை பிறீபன் தொலைபேசியில் வந்தார். உங்கள் மக்கள் அருமையாக வேலை செய்திருக்கிறார்கள், மேற்குப் பக்க ஊர்களில் கட்சிக்கு இவ்வளவு வாக்கு ஒருநாளும் விழுந்ததில்லை என்றார். அவருடைய குரலில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. விக்ரோரியா டயாலிசிஸ் பிரிவைப் பற்றிக் கேட்டாள். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகப் பார்க்கவேண்டும், ஆறு கதிரைக்கு இரண்டு தாதிகள் என்பது எண்களில் கடினம் என்றார். உங்களைப் போன்றவர்களின் குரலை நிச்சயம் கேட்போம் என்றார். அவள் நன்றி சொன்னாள். நன்றி சொல்லித்தான் இந்த நாட்டில் தொலைபேசியை வைக்க முடியும்.

ஞாயிறு பின்னேரம் பஸ்தியாம்பிள்ளை அண்ணை ஆறுதல் சொல்ல வந்தார். தேவராஜாவின் காரில்தான் வந்தார். தேவமலர் ஒரு தட்டு வடையோடு முன்னால் வந்தாள். ஸ்ரிபன் வாங்கோ என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கக் கதிரையில் இருந்தான்.

"தோத்தா என்ன," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "ஒற்றுமையைக் காட்டிப்போட்டம். ஒரு சீட்டும் பழுதாகேல்லை. கீர்ஸ்டன் சொன்னது சரி."

"ஆர் கீர்ஸ்டன்?" என்றான் ஸ்ரிபன்.

பஸ்தியாம்பிள்ளை சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம், இரண்டு சட்டை, ரெலிபோன், கை தட்டினது. விக்ரோரியா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். சொல்லச் சொல்ல ஸ்ரிபனின் பார்வை அவரிடமிருந்து மெல்ல விலகி அவளிடம் வந்தது.

"அந்தக் கூட்டத்தில நீரும் இருந்தனீரோ?"

அவள் பதில் சொல்லுமுன் தேவமலர் எழுந்து வந்து தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். "அக்கா, நான் முதல் உங்களுக்குப் போட்டுட்டுத்தான் இவருக்குப் போட்டனான். மாதாமேல சத்தியமா எண்டு சொல்ல எங்கட சபையில விடமாட்டினம். ஆனா உண்மை."

"எனக்குத் தெரியும்," என்றாள் விக்ரோரியா. "நானும் அப்பிடித்தான், தேவமலர். எனக்கும் உங்கட ஆளுக்கும்."

பஸ்தியாம்பிள்ளை நெஞ்சில் கை வைத்தார். "பாத்தியளே! இதுதான் மனுசத்தன்மை. தேவராஜா, நீரும்தானே?"

தேவராஜா தேத்தண்ணியை ஊதினார். ஆறிப்போயிருந்த தேத்தண்ணி. "ஓம் ஓம்," என்றார், கோப்பைக்குள் பார்த்தபடி. கணக்காளர். ஒரு சீட்டில் போடுகிறது எங்கே போய் விழும் என்று வாசித்துப் பார்க்காமல் எந்தக் கடதாசியிலும் கை வைக்காதவர் என்று ஹேர்னிங்கில் எல்லாரும் சொல்வார்கள்.

ஸ்ரிபன் ஒரு வடையை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, இரண்டு துண்டையும் தட்டிலேயே வைத்தான்.

அவர்கள் புறப்படும்போது நாலு மணிகூட ஆகவில்லை, வெளியே இருண்டுகொண்டு வந்தது. கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. விக்ரோரியா ஜன்னலில் நின்று பார்த்தாள். ஸ்ரிபன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு கேட்டது. தெருவிளக்கின் கீழே தேவராஜா பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்து, ஓட்டுநர் பக்கத்தில் மட்டும், ஒரு முகம் தெரிகிற அளவுக்கு வட்டமாகப் பனியைச் சுரண்டினார். பிறகு கையைத் தட்டிவிட்டு உள்ளே ஏறினார். பக்கத்து இருக்கையில் தேவமலரும் பின்னால் பஸ்தியாம்பிள்ளையும் வெள்ளைக் கண்ணாடிகளுக்குள் மங்கலான நிழல்களாக இருந்தார்கள். எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று தெரியாமல், இருவரும் கை அசைத்துக்கொண்டிருந்தார்கள். கார் அந்தச் சின்ன வட்டத்தினூடாக வழி பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தெருவுக்குள் இறங்கியது.